இறந்தவர்களுக்காக வேண்டும்போது கத்தோலிக்கர் செய்யும் தவறுகள்

அடக்கம் முடிந்த கையோடு, "அவர் நேரே மோட்சத்துக்குத்தான் போயிருப்பார், அப்படிப்பட்ட மனுஷர்" என்று யாராவது ஆரம்பிப்பார்கள். ஆறுதலுக்குச் சொல்வது, போகட்டும். ஆனால் அதையே நம்பி வேண்டுதலை நிறுத்திவிடுகிறோமே, என்னைக் கேட்டால் அதுதான் இருப்பதிலேயே பெரிய தவறு. பெரியவர் ஒருவர் விண்ணகத்தில் இருக்கிறார் என்று பெயர் சொல்லி அறிவிக்கத் திருச்சபையே பல வருட விசாரணைக்குப் பிறகுதான் முன்வருகிறது, நாம் கல்லறை வாசலிலேயே புனிதர் பட்டம் கொடுத்துவிடுகிறோம். புனித அகுஸ்தீனின் தாய் மோனிக்கா 387-ல் சாகக் கிடந்தபோது மகன்களிடம் கேட்டது இதுதான்: உடலை எங்கே வேண்டுமானாலும் புதையுங்கள், ஆண்டவரின் பீடத்தில் என்னை நினைத்துக்கொள்ளுங்கள். மோனிக்காவுக்கே அது தேவைப்பட்டிருக்கிறது.

இதற்கு நேர் எதிரான தவறும் உண்டு. "பூசைப் பக்கமே வராதவன், அவனுக்கு எதற்கு ஜெபம்" என்பது, அல்லது தற்கொலை செய்துகொண்டவர் பெயரைப் பூசைக் கருத்தில் சொல்லவே கூசுவது. 1917-ஆம் வருடத் திருச்சபைச் சட்டம் அவர்களுக்குத் திருச்சபை அடக்கத்தை மறுத்தது உண்மைதான், 1983-ல் வந்த புதிய சட்டத்தில் அந்தத் தடை இல்லை. அவர்களுடைய மீட்பைப் பற்றி நம்பிக்கை இழக்க வேண்டாம், அவர்களுக்காகவும் திருச்சபை மன்றாடுகிறது என்றுதான் மறைக்கல்வி ஏடு சொல்கிறது. மோட்சமோ நரகமோ, தீர்ப்புச் சொல்வது நம் வேலை இல்லை.

அப்புறம் உத்தரிக்கிற ஸ்தலம், அதாவது இறந்த பிறகு ஆன்மாக்கள் தூய்மை பெறும் நிலை. அதைச் சின்ன நரகம் மாதிரியோ, இரண்டாவது வாய்ப்பு மாதிரியோ நினைப்பவர்கள் நிறைய. இரண்டுமே இல்லை. அங்கே இருப்பவர்கள் மீட்கப்பட்டவர்கள், தூய்மை அடைந்து விண்ணகம் போகப் போகிறவர்கள். பழைய ஜெபப் புத்தகங்களில் "300 நாள் பலன்" (பலன் என்பது மன்னிக்கப்பட்ட பாவத்துக்கு மீதமிருக்கும் தண்டனையின் குறைப்பு) என்று அச்சிட்டிருப்பதைப் பார்த்து, இத்தனை முறை சொன்னால் இத்தனை நாள் குறையும் என்று கணக்குப் போடுகிறவர்களும் இருக்கிறார்கள். அந்த நாட்கள் ஆதித் திருச்சபையில் பாவிகள் செய்த தவ நாட்களின் அளவு, மறு உலகத்துக் காலண்டர் இல்லை. குழப்பம் வேண்டாமென்றுதான் திருத்தந்தை ஆறாம் பவுல் 1967-ல் அந்த நாள் கணக்கையே எடுத்துவிட்டார்.

பலன் என்றதும் நவம்பர் ஞாபகம் வரும். நவம்பர் 1 முதல் 8 வரை கல்லறைக்குப் போய் இறந்தவர்களுக்காக வேண்டினால், மனதுக்குள் வேண்டினாலும் சரி, அவர்களுக்காகப் பரிபூரண பலன், அதாவது அந்தத் தண்டனை முழுவதும் நீங்கும் பலன், பெறலாம். மெழுகுவர்த்தி ஏற்றி, பூ வைத்துவிட்டு வந்தால் முடிந்தது என்று நினைப்பதுதான் இங்கே நடக்கும் தவறு. பாவசங்கீர்த்தனம், நற்கருணை, திருத்தந்தையின் கருத்துக்காக ஜெபம், இவற்றோடு எந்தப் பாவத்தின் மீதும், அற்பப் பாவமாக இருந்தாலும், பற்று இல்லாத மனம் வேண்டும். கடைசி நிபந்தனைதான் கஷ்டம், அதைத்தான் யாரும் சொல்வதும் இல்லை. அது குறைந்தால் பலன் முழுமையாக இல்லாமல் பகுதியாகக் கிடைக்கும். ஒரு பாவசங்கீர்த்தனம் பல நாள் பலனுக்குப் போதும், நற்கருணையும் ஜெபமும் ஒவ்வொரு பலனுக்கும் தனித்தனியாக வேண்டும், ஒரு நாளில் ஒரு பரிபூரண பலன்தான். உயிரோடு இருக்கும் இன்னொருவருக்காக இதைப் பெறவும் முடியாது.

பூசைக் காணிக்கையில், அதாவது ஒருவருக்காகப் பூசை வைக்கக் கேட்டுக் கொடுக்கும் பணத்தில், வரும் தவறுகளைத் தனியாகவே எழுதலாம். அது விலை இல்லை. வியாபாரம் போலத் தோன்றுவதைக்கூடச் சட்டம் தடுக்கிறது. கையில் காசு இல்லை என்று பூசை கேட்காமல் இருக்க வேண்டாம், ஏழைகளின் கருத்துக்காகக் காணிக்கை வாங்காமலும் பூசை வைக்கும்படி குருக்களைச் சட்டமே கேட்டுக்கொள்கிறது. பீடத்தில் பெயரை வாசிக்கவில்லை என்று சாமியாரிடம் சண்டைக்குப் போவதும் வீண், வாசித்தால்தான் செல்லும் என்று எதுவும் இல்லை. கிரகோரியன் பூசை கேட்பவர்கள் ஒன்றைக் கவனியுங்கள்: 30 நாள், இடைவிடாமல், இறந்த ஒரே ஒருவருக்காக. குடும்பம் முழுவதையும் அதில் சேர்க்க முடியாது.

தகனம் செய்யலாம், 1963-லேயே அனுமதி வந்துவிட்டது. சாம்பலைக் கடலில் தூவுவதும் வீட்டு அலமாரியில் வைப்பதும் கூடாது என்று 2016-ல் வத்திக்கான் தெளிவாகச் சொன்னது, புனித இடத்தில்தான் வைக்க வேண்டும். 2023 டிசம்பரில் சிறு பகுதியை மட்டும் இறந்தவருக்கு முக்கியமான ஓர் இடத்தில் வைக்கும் கோரிக்கையைத் திருச்சபை அதிகாரிகள் பரிசீலிக்கலாம் என்று கொஞ்சம் தளர்த்தினார்கள், அவ்வளவுதான்.

அடக்கத்துக்கு நாள் குறிக்கும் முன் பங்குத்தந்தையிடம் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள். பெரிய வியாழன் முதல் உயிர்ப்பு ஞாயிறு வரை, தவக்காலத்து ஞாயிறுகள், கிறிஸ்துமஸ் போன்ற கடன் திருநாட்கள் (கட்டாயம் பூசைக்குப் போக வேண்டிய பெருவிழாக்கள்), இவற்றில் அடக்கத் திருப்பலி வைக்க முடியாது. அன்றைக்கு அடக்கச் சடங்கை மட்டும் திருப்பலி இல்லாமல் நடத்திவிட்டு, அவருக்கான பூசையை அடுத்து வரும் ஒரு நாளில் வைத்துக்கொள்ளலாம்.