மறதிநோய் உள்ளவர் பதறும்போது ஒலியால் அமைதிப்படுத்துவது எப்படி?

முதியோர் இல்லத்தில் மறதிநோய் உள்ள ஒருவர் பதற ஆரம்பித்ததும் உடனே பாட்டைப் போட்டுவிடாதீர்கள். முதலில் வலியா, தாகமா, கழிப்பறை போக வேண்டுமா என்று பாருங்கள். அதைச் சொல்லத் தெரியாமல்தான் பலர் கத்துகிறார்கள். காது கேட்கும் கருவியில் பேட்டரி இருக்கிறதா? அப்புறம் டிவியை நிறுத்துங்கள், ஒரு சத்தத்தின் மேல் இன்னொன்றைப் போட்டால் குழப்பம்தான் கூடும்.

பெரும்பாலும் 10 முதல் 30 வயதுக்குள் பிடித்துப்போன பாடல்கள்தான் மனதில் ஆழமாகத் தங்கியிருக்கும், அதனால் குடும்பத்தாரிடம் கேட்டு ஒரு பட்டியல் எழுதி வையுங்கள். பாட்டு ஒத்துவராதவருக்கு மழை, பறவைகள், கடல் அலை. ஆனால் தண்ணீர் ஓடும் சத்தம் சிலருக்குச் சிறுநீர் உணர்வைத் தூண்டிவிடும். நடுவில் விளம்பரம் வரவே கூடாது.

வழக்கமாக மாலையில்தான் பதறுவார் என்றால், அதற்கு 30 நிமிடம் முன்பே பாட்டையோ ஓசையையோ குறைந்த சத்தத்தில் தொடங்குங்கள். பதற்றம் உச்சத்துக்குப் போனபின் எந்த ஓசையும் எடுபடுவது கஷ்டம். பக்கத்தில் உட்கார்ந்து அவர் கையைப் பாருங்கள். போர்வை நுனியை முறுக்கிக்கொண்டிருந்த விரல்கள் தளர்ந்து மெல்லத் தாளம் போட்டால் சரி, அப்படியே ஓடட்டும். முகம் சுருங்கினாலோ எழுந்து போகப் பார்த்தாலோ நிறுத்திவிட்டு, எந்தப் பாட்டு என்று குறித்து வையுங்கள், அடுத்த ஷிப்டில் வருபவருக்கு அது தெரிந்தாக வேண்டும்.