ஓட்டுப் பெட்டி வைக்கும் முன் எண்ணும் முறையைப் பேசுங்கள்

சுற்றுச்சூழல் வேலைக்கென ஒரு தொகை கையில் இருக்கிறது. மரம் நடுவதா, குளம் தூர்வாருவதா என்பதைக் குடியிருப்பவர்களே ஓட்டுப் போட்டுச் சொல்லட்டும் என்று முடிவெடுத்துவிட்டீர்கள். 1989-ல் பிரேசிலின் போர்ட்டோ அலெக்ரி நகரம் தொடங்கிவைத்த வழக்கம் இது. இப்படிப்பட்ட ஓட்டெடுப்புகளை நடத்திக்கொடுப்பவன் நான். யார் வந்து கேட்டாலும் என் முதல் கேள்வி, "எப்படி எண்ணப் போகிறீர்கள்?"

அதிக ஓட்டு வாங்கியதில் தொடங்கி, பணம் தீரும்வரை வரிசையாகக் கொடுப்பதுதான் பலரும் செய்வது. கேட்க நியாயமாகத்தான் இருக்கும். நிதியை 100 பங்கு என்று வைத்துக்கொள்ளுங்கள், ஒவ்வொரு திட்டத்துக்கும் 20 பங்கு செலவு. மேலத்தெருவில் 60 பேர், கீழத்தெருவில் 40 பேர். மேலத்தெருவில் ஐந்து யோசனை, கீழத்தெருவில் இரண்டு. அவரவர் தெருவுக்கு அவரவர் ஓட்டுப் போட்டால் ஐந்தும் மேலத்தெருவுக்கே போய்விடும். அடுத்த வருடம் கீழத்தெருவிலிருந்து ஒருவரும் எட்டிப் பார்க்க மாட்டார்கள்.

இதற்கு மாற்று, சமபங்கு முறை. ஆளுக்கு ஒரு பங்கு என்று பிரித்துவிடுவது. ஒரு திட்டத்தை விரும்புகிறவர்கள் தங்கள் பங்கிலிருந்தே அதன் செலவை ஏற்கிறார்கள். பங்கு தீர்ந்தவரின் ஓட்டு அடுத்த திட்டத்துக்குக் கைகொடுக்காது. இப்போது மேலத்தெருவுக்கு மூன்று, கீழத்தெருவுக்கு இரண்டு. போலந்தின் வியெலிச்கா நகரம் 2023-ல் பசுமைத் திட்டங்களுக்கு 10 லட்சம் ஸ்வாட்டி (அந்நாட்டுப் பணம்) ஒதுக்கி, இந்த முறையில்தான் எண்ணியது. நிஜத்தில் செலவுகள் இவ்வளவு சமமாக இருக்காது, ஆகவே கணக்கைக் கணினியிடம் விடுங்கள். கூட்டத்தில் விளக்கும்போது மட்டும் மேசையில் காசுகளை அடுக்கிக் காட்டுங்கள், பளிச்சென்று புரியும். மிச்சப்படும் தொகையை என்ன செய்வது என்பதையும் அப்போதே எழுதி வைத்துவிடுங்கள்.

அடுத்தது ஓட்டுச் சீட்டு. நிலம் யாருடையது, அனுமதி கிடைக்குமா என்று பார்க்காமல் எதையும் சீட்டில் ஏற்றக் கூடாது. ஜெயித்த பிறகு "முடியாது" என்று சொன்னால் உங்கள் முகத்தில் யாரும் விழிக்க மாட்டார்கள். ஒரே யோசனையை இரண்டு பேர் கொடுத்திருந்தால் உட்காரவைத்துப் பேசி ஒன்றாக்குங்கள். சீட்டில் ஒரு வரி இப்படி இருக்கட்டும்: "குளக்கரையில் 40 மரக்கன்று. செலவு 6 பங்கு. மூன்று வருடம் தண்ணீர் ஊற்றுவது கரைத்தெரு இளைஞர்கள்." கடைசி வாக்கியம் இல்லாத யோசனையை நான் திருப்பிக் கொடுத்துவிடுவேன், யார் கொண்டுவந்தாலும் சரி. பட்டியலில் மேலே இருப்பதற்கு ஓட்டு விழும் என்பதால், வரிசையை மாற்றி மாற்றி அச்சிடுங்கள்.

யார் ஓட்டுப் போடலாம்? வாக்காளர் பட்டியலைத் தூக்கி வைத்துவிட்டு, அங்கே குடியிருக்கிற எல்லோரும் என்று வையுங்கள், வாடகைக்கு இருப்பவர்களும் சேர்த்து. பாரிஸில் குடியுரிமை பார்ப்பதில்லை. நியூயார்க்கில் 11 வயதுப் பிள்ளைகளுக்கும் ஓட்டு உண்டு. செல்போனில் மட்டும் நடத்தினால் பெரியவர்கள் விடுபட்டுப்போவார்கள், காகிதமும் இருக்கட்டும்.

முடிவு வந்ததும் தோற்றவற்றின் ஓட்டுக் கணக்கையும் சேர்த்தே ஒட்டுங்கள். பணத்தைத் தவணையாகக் கொடுங்கள். மரக்கன்று என்றால், ஒரு கோடை கழித்துப் பிழைத்து நிற்பவற்றை எண்ணிவிட்டுக் கடைசித் தவணை.