முடக்குவாதத்தில் செயல்திறனை அளக்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

மூட்டுகளில் அழற்சியை உண்டாக்கும் முடக்குவாதம் உள்ளவருக்கு ஈ.எஸ்.ஆர். (அழற்சியின் அளவைக் காட்டும் ரத்தச் சோதனை) எவ்வளவு, எத்தனை மூட்டுகள் வீங்கியிருக்கின்றன என்று குறித்துக்கொள்ளும் அக்கறை, அவரால் தானே உடுத்திக்கொள்ள முடிகிறதா என்று கேட்பதில் பல நேரங்களில் இருப்பதில்லை. அதைக் கேட்டு எண்ணாக்கவே, அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஜேம்ஸ் ஃப்ரைஸ் குழுவினர் 1980இல் 'ஹெச்.ஏ.க்யூ.' என்னும் உடல்நல மதிப்பீட்டு வினாத்தாளை வெளியிட்டனர். உடுத்தல், எழுந்திருத்தல், உண்ணல், நடத்தல் என 8 பிரிவுகளில் 20 கேள்விகள் கொண்ட அதில், சிரமமே இல்லை என்றால் 0, செய்யவே முடியவில்லை என்றால் 3.

இருபது மதிப்பெண்களையும் கூட்டி இருபதால் வகுப்பது தவறு. ஒவ்வொரு பிரிவிலும் மிக உயர்ந்த மதிப்பெண்ணை எடுத்து, அந்த எட்டுக்கும் சராசரி காண வேண்டும். 6 பிரிவுகளுக்குக் குறைவாகப் பதில் இருந்தால் கணக்கிடவே கூடாது.

இதைவிடப் பெரிய தவறு, கண்ணுக்குப் படாத உதவியை விட்டுவிடுவது. "நானேதான் உடுத்திக்கொள்கிறேன், கொஞ்சம் சிரமம், அவ்வளவுதான்" என்பார் ஓர் அம்மா. துருவிக் கேட்டால்தான், "ரவிக்கைக் கொக்கியை மட்டும் மருமகள் போட்டுவிடுவாள்" என்பது வெளிவரும். பிறர் உதவியோ துணைக்கருவியோ இருந்தால் அந்தப் பிரிவின் 0 அல்லது 1ஐ 2ஆக உயர்த்த வேண்டும் என்பது விதி. உண்ணலில் 0, மற்ற ஏழு பிரிவுகளிலும் 1 பெற்றவரின் மதிப்பு 0.875, உடுத்தல், எழுந்திருத்தல், தூய்மை ஆகிய மூன்றிலும் உதவி இருப்பது தெரியவந்தால் அதுவே 1.25 ஆகிவிடும். ஏறத்தாழ 0.22 மாறினாலே நோயாளி உணரத்தக்க மாற்றம் எனக் கொள்ளப்படுவதால், இது சிறிய பிழை அன்று. உதவியைக் கணக்கில் சேர்க்காத முறையும் ஆய்வுகளில் உண்டு. ஆனால் ஒரே நோயாளிக்கு இம்முறை இப்படியும் அடுத்த முறை அப்படியும் கணக்கிட்டால் இரண்டு எண்களையும் ஒப்பிட முடியாது.

மூலக் கேள்விகளைச் சொல்லுக்குச் சொல் தமிழாக்கிக் கேட்பதும் பயன் தராது. குளியல் தொட்டியில் இறங்குவதையும் இறைச்சியைக் கத்தியால் அறுப்பதையும் பற்றி, வாளித் தண்ணீரில் குளித்துக் கையால் பிசைந்து உண்பவரிடம் கேட்டு என்ன அறிய முடியும்? தரையில் சம்மணமிட்டு அமர்வதும் குத்தவைப்பதும்தான் இங்கே உண்மையான சோதனை. இந்திய நோயாளிகளுக்கென மாற்றியமைத்துச் சரிபார்க்கப்பட்ட வடிவம் 2002இலேயே வெளிவந்திருக்க, அவரவர் விருப்பப்படி கேள்விகளை மாற்றிக்கொள்வதற்கும் தேவையில்லை.

கேள்விகள் கடந்த ஒரு வாரத்தைப் பற்றியவை. அன்றைய வலியை மட்டும் நினைத்துப் பதில் சொல்ல விடக் கூடாது. கைப்பிடி வலிமையைக் கருவியால் அளக்கும்போது வேறொரு சிக்கல் உண்டு: காலை விறைப்பு தளராத எட்டு மணிக்கு ஒருமுறையும், மாலையில் மறுமுறையும் அளந்துவிட்டு மருந்து வேலை செய்கிறது என்று மகிழ்வது ஏமாற்றம்தான்.

ஹெச்.ஏ.க்யூ. எண் குறையாவிட்டால் உடனே மருந்தைக் குறை சொல்வதும் பொருந்தாது. செயல் இழப்பில் ஒரு பங்கு அழற்சியால் வருவது, மருந்துக்குக் கட்டுப்படும். மற்றொரு பங்கு ஏற்கெனவே சிதைந்த மூட்டால் வருவது, மீளாது. நோய் பழையதாக ஆக ஆக இரண்டாவது பங்கே மிகுதி. மேலும், நோயின் தீவிரத்தைக் கணிக்கும் 'டாஸ் 28' எண்ணும் 28 மூட்டுகளில் பாதத்து மூட்டுகள் இல்லை. அந்த மதிப்பு நன்றாக இருந்தும் நடத்தல் பிரிவில் மட்டும் 2 வாங்குபவரை, முதலில் செருப்பைக் கழற்றச் சொல்லிப் பாதத்தைப் பார்க்க வேண்டும்.