தியானத்தில் மனசு ஓடும்போது என்ன செய்வது?

கண்ணை மூடி உட்கார்ந்து ஒரு நிமிடம்கூட ஆகியிருக்காது. மூச்சைக் கவனிப்பதாக நினைத்துக்கொண்டே, நேற்று யாரோ சொன்ன ஒரு சொல்லுக்கு மனசுக்குள் பதில் பேசிக்கொண்டிருப்போம். நான் தியானம் தொடங்கிய புதிதில் தினமும் இதுதான் நடந்தது. நமக்கு இது வராது என்று இரண்டு முறை நிறுத்தியும் விட்டேன். இப்போது அதே நிலையில் இருப்பவர்களுக்காகவே இதை எழுதுகிறேன்.

முதலில் ஒரு விஷயம். மனசு அலைவது உங்கள் குறை இல்லை. 2010-ல் ஹார்வர்டு ஆய்வாளர்கள் கில்லிங்ஸ்வொர்த்தும் கில்பர்ட்டும் சுமார் 2,250 பேரிடம், நாளின் வெவ்வேறு நேரங்களில் போன் வழியாகக் கேட்டுப் பார்த்தார்கள். கிட்டத்தட்ட 47 சதவீதம் நேரம், செய்துகொண்டிருந்த வேலையில் அவர்கள் மனம் இல்லை. நாள் முழுக்க அப்படி ஓடுகிற மனசு, நாம் கண்ணை மூடியதும் எப்படி நின்றுவிடும்?

சரி, செய்முறைக்கு வருவோம்.

படி 1: உட்காருங்கள். தரையோ நாற்காலியோ, எது வசதியோ அது. முதுகு நிமிர்ந்திருக்கட்டும், விறைக்க வேண்டாம். போனைச் சைலன்ட்டில் போட்டு 10 நிமிடத்துக்கு டைமர் வையுங்கள்.

படி 2: ஒரு இடத்தைத் தேர்ந்தெடுங்கள். மூக்கு நுனி, நெஞ்சு, வயிறு, இவற்றில் மூச்சு எங்கே தெளிவாகத் தெரிகிறதோ அந்த இடம். அன்றைக்கு அதை மாற்றாதீர்கள். மூச்சை இழுத்துப் பிடிக்கவும் வேண்டாம். அது எப்படி வருகிறதோ வரட்டும்.

படி 3: எண்ணுங்கள். ஒவ்வொரு முறை மூச்சை வெளியே விடும்போதும் ஒன்று, இரண்டு என்று பத்துவரை. அப்புறம் மறுபடி ஒன்று. எண்ணிக்கை தவறினாலும் மறுபடி ஒன்றிலிருந்துதான். பதினேழில் இருப்பதைத் திடீரென்று கவனித்தால், வாய்தான் எண்ணியிருக்கிறது, மனசு எங்கோ போயிருக்கிறது என்று பொருள். எண்ணுவதன் பயனே அதைக் காட்டிக்கொடுப்பதுதான்.

படி 4: பிடிபடும் கணம். இங்கேதான் கொஞ்சம் நிதானம் வேண்டும். அலைகிற மனசைத் தடுக்க நம்மால் முடியாது, ஏனென்றால் அது போகும்போது நமக்குத் தெரிவதே இல்லை. "அட, எங்கோ போய்விட்டேனே" என்று தெரிகிறதே, அந்தக் கணம் மட்டும்தான் நம் கையில் இருக்கிறது. அது தோல்வி என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். நானும் நினைத்தேன். உண்மையில், கவனம் திரும்பி வந்ததால்தான் போனது தெரிந்தது.

2012-ல் அமெரிக்காவின் எமரி பல்கலைக்கழகத்தில் நடந்த ஓர் ஆய்வில், தியானப் பழக்கம் உள்ள 14 பேரை மூளை ஸ்கேன் கருவிக்குள் படுக்கவைத்து, மனம் அலைந்தது தெரிந்தவுடன் ஒரு பட்டனை அழுத்தச் சொன்னார்கள். பழகியவர்களும் அழுத்தினார்கள். அலைதல், உணர்தல், திருப்புதல், நிலைத்தல், மறுபடி அலைதல் என்ற சுற்றாகவே ஆய்வாளர்கள் இதை விவரித்தார்கள். எனக்குப் பெரிய ஆறுதல் தந்த தகவல் இது.

அந்தக் கணத்தில் செய்ய வேண்டியது இவ்வளவுதான். வந்த எண்ணத்துக்கு மனசுக்குள் ஒரே ஒரு சொல்லில் பெயர் வையுங்கள்: "திட்டம்", "நினைவு", "கவலை", "சத்தம்". பர்மாவின் மஹாசி சயாடோ என்ற துறவியின் வழியில் வந்த தியான முறையில் இப்படிக் குறித்துக்கொள்வது முக்கியமான பயிற்சி. சரியான பெயரைத் தேடி நிற்காதீர்கள்; பெயர் கிடைக்காவிட்டால் "எண்ணம்" போதும். பிறகு அடுத்து வெளியே போகிற மூச்சுக்கு வந்து, ஒன்றிலிருந்து தொடங்குங்கள்.

தயவுசெய்து உங்களைத் திட்டிக்கொள்ளாதீர்கள். "ச்சே, மறுபடியுமா" என்பதும் ஓர் எண்ணம்தான். அது வந்தால் அதற்கும் "எரிச்சல்" என்று பெயர் வைத்துவிட்டு மூச்சுக்கு வாருங்கள்.

படி 5: விடாமல் வருகிற எண்ணங்கள். செய்ய வேண்டிய வேலைகள்தான் திரும்பத் திரும்ப வருகின்றன என்றால், மறுநாள் உட்காரும் முன் அவற்றை ஒரு தாளில் எழுதிவைத்துவிடுங்கள். தூக்கம் சொக்கினால் கண்ணைப் பாதி திறந்து தரையைப் பாருங்கள். கால் வலித்தால் மெதுவாக மாற்றிக்கொள்ளலாம், தவறில்லை.

ஆனால் பயமோ பழைய துயரமோ தாங்க முடியாத அளவுக்கு எழுந்தால், அடம்பிடித்து உட்கார்ந்திருக்க வேண்டாம். கண்ணைத் திறந்து, பாதம் தரையைத் தொடுவதை உணருங்கள், எழுந்து நடங்கள். அது அடிக்கடி நடந்தால் மனநல மருத்துவர் ஒருவரிடம் பேசிவிட்டுத் தொடருங்கள்.

டைமர் அடிக்கும்போது மனசு எங்கேயாவது போயிருந்தால், அதற்கும் ஒரு பெயர் வையுங்கள். இன்னும் ஒரே ஒரு மூச்சை முழுசாகக் கவனித்துவிட்டு எழுந்திருங்கள்.