எடையைக் குறைக்கும்போது எந்தப் பக்கம் குறைகிறது என்று பாருங்கள்

கால் மைல் ஓட்டத்துக்காகக் காரின் எடையைக் குறைக்க, வீட்டு முற்றத்தில் காரை நிறுத்தி, சீற்றைக் கழற்றி மாமரத்தடியில் அடுக்குகிற தம்பிமார் மட்டக்களப்பிலும் கல்முனைப் பக்கத்திலும் கூடிவிட்டார்கள். சந்தோஷம்தான். ஆனால் அந்தக் காலத்தில் நாங்கள் விட்ட பிழைகளையே இவர்களும் வரிசை மாறாமல் விடுவதைப் பார்த்துக்கொண்டு சும்மா இருக்க முடியவில்லை. ஸ்பெயார் வீல், ஜக், பின் சீற் எல்லாம் எடுக்க வேண்டும் என்று யாரும் சொல்லித் தரத் தேவையில்லை. காசும் காரும் சேர்ந்து போகிற இடங்களை மட்டும் எழுதுகிறேன்.

நிறுக்காமல் தொடங்குவது

“கார் நல்லா லேசாயிட்டு அண்ணே” என்பார்கள். எத்தனை கிலோ என்று கேட்டால் பதில் இராது. சம்மாந்துறைப் பக்கம் அரிசி ஆலைகளுக்குக் குறைவில்லை. லொறி நிறுக்கும் தராசு உள்ள ஆலையாகப் பார்த்து, வேலை ஓய்ந்த நேரத்தில் மரியாதையாகக் கேளுங்கள். முழுக் காரையும் ஒரு தடவை நிறுங்கள். அப்புறம் முன் சில்லு இரண்டையும் மட்டும் மேடையில் ஏற்றி நிறுங்கள். மொத்தத்தில் அதைக் கழித்தால் பின்பக்க எடை. இந்த இரண்டு எண்ணும் கையில் இல்லாமல் ஸ்பானரைத் தொடக்கூடாது.

லொறித் தராசு சின்ன வித்தியாசத்தைக் காட்டாது. ஆகவே கழற்றுகிற சாமான்களை நெல் மூட்டை நிறுக்கும் தராசில் தனித்தனியே போட்டுக் கொப்பியில் குறித்து வையுங்கள். முதலும் முடிவும் நிறுக்கும்போது தாங்கியில் பெற்றோல் ஒரே அளவாக இருக்கட்டும். 40 லீற்றர் பெற்றோலே கிட்டத்தட்ட 30 கிலோ வரும். கால் மைல் ஓட்டத்தில், அதாவது 402 மீற்றரில், 45 கிலோ குறைந்தால் பத்தில் ஒரு செக்கன் அளவு கிடைக்கும் என்பது ஓட்டக்காரர்கள் வைத்திருக்கும் பொதுக் கணக்கு.

பற்றரியை டிக்கிக்குக் கொண்டுபோவது

இதைப் பார்த்தால் எனக்கு இன்றைக்கும் கோபம் வரும்.

கல்லடியில் ஒரு தம்பி தன் டொயோட்டா ஈபி 82 ஸ்டார்லட் காரைக் காட்டக் கூப்பிட்டார். பற்றரி பின்னுக்குப் போயிருந்தது. ஏன் மாற்றினீர்கள் என்று கேட்டேன். “யூடியூப்பில எல்லாரும் பின்னுக்குத்தானே வைக்கிறாங்க அண்ணே?” “அந்தக் கார் எந்தச் சில்லால இழுக்குது எண்டு பாத்தீங்களா தம்பி?” பார்க்கவில்லை.

அந்த வீடியோக்களில் வருபவை பெரும்பாலும் பின்சில்லு இழுக்கும் கார்கள். கார் பாய்ந்து கிளம்பும்போது பாரம் பின்பக்கம் சாயும். பின்சில்லுக் காருக்கு அது லாபம். டிக்கியில் பற்றரி இருந்தால் டயர் இன்னும் நன்றாகத் தரையைப் பிடிக்கும். பழைய கேஈ 70 கொரோலா வைத்திருப்பவர் செய்தால் நான் குறுக்கே நிற்கமாட்டேன். ஸ்டார்லட்டும் சிவிக்கும் முன்சில்லால் இழுப்பவை. கிளம்பும் நேரத்தில் முன்பக்கம் தானாகவே லேசாகி டயர் வழுக்கப் பார்க்கிறது. அந்த இடத்திலிருந்து இன்னும் பத்துக் கிலோவைத் தூக்கிப் பின்னுக்கு வைத்தால் முதல் 18 மீற்றரிலேயே நேரம் போய்விடும். அங்கே விட்டதைக் கடைசி வரை பிடிக்க முடியாது.

எடையாவது குறைந்ததா? அதுவும் இல்லை. பற்றரி காருக்குள்தான் இருக்கிறது. முன்னுக்கு வர நாலைந்து மீற்றர் தடித்த செம்புக் கேபிள், பெட்டி, பிடி எல்லாம் சேர்ந்து மூன்று நான்கு கிலோ கூடிவிடும். செம்பு விற்கிற விலையில் காசு கொடுத்து எடை வாங்குகிற வேலை இது.

இவ்வளவோடு நின்றிருந்தால் பேசாமல் வந்திருப்பேன். கார்பெட்டைத் தூக்கிப் பார்த்தேன். கேபிள் ஓட்டுநர் சீற்றின் தண்டவாளத்துக்கு அடியால் போனது. சீற்றை முன்னும் பின்னும் தள்ளித் தள்ளி ரப்பர் தேய்ந்து, நகத்தளவு செம்பு பளபளவென்று வெளியே தெரிந்தது. பற்றரிப் பக்கத்தில் ஃபியூஸ் இல்லை. அந்தச் செம்பு காரின் இரும்பு உடம்பில் தொட்டால் நூற்றுக்கணக்கான அம்பியர் பாயும். கேபிள் பழுத்துக் கார்பெட் பற்றிக்கொள்ளும். ஸ்டார்லட்டில் டிக்கியும் ஆள் இருக்கும் இடமும் ஒன்றே. சார்ஜ் ஆகும்போது ஈயப் பற்றரி விடும் ஹைட்ரஜன் வெளியே போகவும் வழி வைத்திருக்கவில்லை. அன்றைக்கே கழற்ற வைத்தேன்.

முன்சில்லுக் காரில் பற்றரி இருந்த இடத்திலேயே இருக்கட்டும். குறைக்க வேண்டியதைப் பின்பக்கத்தில் தேடுங்கள். பின்சில்லுக் காரில் மாற்றியே ஆக வேண்டும் என்றால், பற்றரிக்கு ஒட்டினாற்போல் ஃபியூஸ், மூடிய பெட்டி, வெளியே திறக்கும் காற்றுக் குழாய், இரும்பைத் துளைக்கும் இடமெல்லாம் ரப்பர் வளையம், வெளியிலிருந்து நிறுத்தக்கூடிய சுவிட்ச். இதில் ஒன்று குறைந்தாலும் வேலையைத் தொடங்க வேண்டாம்.

தார்ப் பாயை நெருப்பால் உருக்குவது

தரையில் சத்தம் குறைக்க ஒட்டியிருக்கும் தார்ப் பாய் சின்னக் காரிலும் பல கிலோ வரும். உலர்பனிக்கட்டி போட்டு உடைப்பதுதான் சுலபமான முறை. நம் பக்கம் அது கைக்கு எட்டாததால் கேஸ் டோர்ச்சை எடுக்கிறார்கள். தரைக்கு அடியால் போவது பெற்றோல் குழாய். விடியற்காலையில், இரும்பு குளிர்ந்திருக்கும்போது, உளியைச் சாய்த்துப் பிடித்துத் தட்டுங்கள். வெயில் ஏறினால் பாய் இளகி உளியில் இழுபடும், அன்றைக்கு அதோடு நிறுத்துங்கள். கீறுப்பட்ட இடத்துக்கு அன்றே பிரைமர் பூசிவிட வேண்டும். வாவிக்கும் கடலுக்கும் நடுவில் இருக்கிற ஊரில் வெற்று இரும்பு துரு பிடிக்க நாள் எடுக்காது.

கண்ணாடிக்குப் பதில் பெர்ஸ்பெக்ஸ்

பெயர்ப்பலகைக் கடையில் கிடைப்பது அக்ரிலிக். அடிபட்டால் கத்தி மாதிரி உடையும். பொலிகார்பனேட் கிடைக்கும்வரை பழைய கண்ணாடியே இருக்கட்டும்.

பிளைவீலை (எஞ்சினோடு சேர்ந்து சுற்றும் கனத்த இரும்புச் சில்லை) லேத்தில் குடைவது

வேண்டாம். அளவுக்கு மீறிக் குடைந்த வார்ப்பிரும்பு, உயர் சுற்றில் வெடித்தால் துண்டு காலடிக்கு வரும்.

கதவுக்குள் இருக்கும் இரும்புச் சட்டம்

தொடாதீர்கள்.

தாங்கியைக் காயவிடுவது

பெற்றோலைக் குறைப்பது சரி. ஆனால் அடிமட்டத்தில் விட்டால், கிளம்பும் வேகத்தில் இருக்கிறதும் பின்பக்கம் அள்ளுண்டு போய், பம்ப் காற்றை இழுக்கும். எஞ்சின் முழுப் பாரத்தில் இருக்கும்போது காற்றுக்கு ஏற்ற பெற்றோல் போகாவிட்டால் பிஸ்டன் தலை உருகவும் கூடும். எட்டுப் பத்து லீற்றராவது விட்டுவையுங்கள். அந்த ஏழு கிலோ காரிலேயே இருக்கட்டும்.