அல்கோவில் எந்தப் பங்குகளை ஓடவிடுவது? பேக்டெஸ்ட் வைத்துத் தேர்வு செய்யும் முறை

பலர் நிஃப்டி 100 (என்எஸ்இ சந்தையின் 100 பெரிய நிறுவனங்கள்) பங்குகள் எல்லாவற்றிலும் ஒரே உத்தியைப் பழைய விலைகளில் ஓடவிட்டு (இதுதான் பேக்டெஸ்ட்), அதிக லாபம் காட்டிய ஐந்தை எடுத்து அல்கோவில், அதாவது தானாக வாங்கி விற்கும் நிரலில், போட்டுவிடுகிறார்கள். இப்படிச் செய்யவே கூடாது. 100 பங்கு, ஒவ்வொன்றிலும் உத்தியின் எண்களை மாற்றி 20 விதமான அமைப்பு என்றால் மொத்தம் 2,000 சோதனை. உத்தியில் சரக்கே இல்லாவிட்டாலும், இருபதில் ஒருமுறை மட்டுமே வரக்கூடிய நல்ல முடிவு அதில் சுமார் நூறு இடத்தில் வந்து நிற்கும். நீங்கள் பொறுக்கும் ஐந்தும் அந்த நூறிலிருந்துதான் வரும்.

முதலில் தரவைச் சரிசெய்யுங்கள். இன்றைய நிஃப்டி பட்டியலை வைத்துப் பழைய ஆண்டுகளைச் சோதிக்காதீர்கள். யெஸ் பேங்க் 2020 மார்ச் வரை நிஃப்டி 50-ல் இருந்தது. 2018 ஆகஸ்ட்டில் 400 ரூபாய் அருகே இருந்த பங்கு, 2020 மார்ச் 6 அன்று 20 ரூபாய்க்கும் கீழே முடிந்தது. இன்றைய பட்டியலில் அது இல்லாததால் அந்த நஷ்டமும் உங்கள் சோதனையில் வராது. என்எஸ்இ தினமும் வெளியிடும் பாவ்காப்பி என்ற விலைப்பட்டியல் கோப்பில் அன்று வர்த்தகமான எல்லாப் பங்குகளும் இருக்கும். பின்னாளில் காணாமல் போனவையும் சேர்த்துத்தான். ஆனால் அதில் போனஸ் (இலவசமாகத் தரும் கூடுதல் பங்கு), ஸ்பிளிட் (ஒரு பங்கைப் பலவாகப் பிரிப்பது) சரிசெய்யப்பட்டிருக்காது. ரிலையன்ஸ் 2024 அக்டோபர் 28 அன்று 1:1 போனஸுக்குப் பின் பாதி விலையில் வர்த்தகமானது. சரிசெய்யாத தரவில் அது 50% வீழ்ச்சி. ஸ்டாப்லாஸ் (நஷ்டத்தை நிறுத்த முன்பே வைக்கும் விற்பனை விலை) அடித்து நஷ்டக் கணக்கு எழுதிவிடும். ஒரே நாளில் 20%-க்கு மேல் மாறிய ஒவ்வொரு தேதியையும் கண்ணால் பாருங்கள்.

அடுத்து வடிகட்டல். இதில் லாபத்தைப் பார்க்கவே கூடாது. கடந்த 60 நாள் வர்த்தக மதிப்பின் இடைநிலையை (வரிசைப்படுத்தினால் நடுவில் வரும் மதிப்பு) எடுங்கள். சராசரி வேண்டாம், ஒரே ஒரு நாளில் நடந்த பெரிய வர்த்தகம் அதை உயர்த்திவிடும். உங்கள் ஆர்டர் அதில் 1%-க்குள் இருக்க வேண்டும். தொடக்கம், உச்சம், தாழ்வு, முடிவு நான்கும் ஒரே விலையாக உள்ள நாள் அநேகமாக சர்க்யூட்டில் (ஒரு நாளில் விலை மாறக்கூடிய எல்லை) பூட்டிய நாள். லோயர் சர்க்யூட்டில், அதாவது கீழ் எல்லையில், வாங்க ஆளே இருக்காது, ஆனால் பேக்டெஸ்ட் நிம்மதியாக விற்றுவிட்டதாகக் காட்டும். அப்படிப்பட்ட நாட்கள் அடிக்கடி வரும் பங்கை நீக்கிவிடுங்கள்.

செலவைக் குறைத்துப் போடாதீர்கள். டெலிவரியில் (அன்றே விற்காமல் பங்கைக் கணக்கில் எடுத்துக்கொள்வது) 1 லட்சத்துக்கு வாங்கி விற்றால் எஸ்டிடி என்ற பங்குப் பரிவர்த்தனை வரி வாங்க 100, விற்க 100, முத்திரைக் கட்டணம் 15. ஸ்லிப்பேஜ் (எதிர்பார்த்த விலைக்கும் கிடைத்த விலைக்கும் உள்ள வித்தியாசம்) வாங்க 0.1%, விற்க 0.1% வைத்தால் இன்னொரு 200. தரகு, எக்ஸ்சேஞ்ச் கட்டணம், ஜிஎஸ்டி சேர்க்கும் முன்பே 415 ரூபாய். ஒரு டிரேடுக்குச் சராசரி 500 ரூபாய் காட்டும் உத்தியில் மிஞ்சுவது ஒன்றுமில்லை. இன்றைய முடிவு விலையில் வரும் சிக்னலுக்கு நாளைய தொடக்க விலையில்தான் வாங்க முடியும் என்பதையும் பேக்டெஸ்ட் நிரலில் எழுதுங்கள்.

இனி தேர்வு. தேர்வு விதியை முன்கூட்டியே எழுதி வையுங்கள்: உதாரணமாக, கடந்த 12 மாதத்தில் அதிகம் ஏறிய பத்து. ஒவ்வொரு ஆறு மாதத்துக்கும் அன்றுவரை உள்ள தரவை மட்டும் வைத்துப் பட்டியல் போட்டு, அடுத்த ஆறு மாதம் அதில் மட்டும் உத்தியை ஓட்டுங்கள். 2012-லிருந்து 2022 வரை இப்படி நகர்த்துங்கள். 2023 முதல் உள்ளதைத் தொடாமல் வைத்து, கடைசியில் ஒரே ஒருமுறை பாருங்கள். பார்த்தபின் விதியை மாற்றினால் அந்தத் தரவு கெட்டுப்போயிற்று.

வடிகட்டலில் தேறிய பங்குகளிலிருந்து, ஒவ்வொரு ஆறு மாதத்துக்கும் கண்ணை மூடிக்கொண்டு பத்துப் பத்தாக எடுத்து 1,000 முறை இதே உத்தியை ஓட்டுங்கள். உங்கள் தேர்வு அதில் 950-ஐயாவது தாண்ட வேண்டும். நடுவில் நின்றால் லாபம் உத்தியாலோ சந்தை ஏற்றத்தாலோ வந்தது. தேர்வு விதிக்கு அதில் பங்கில்லை.

இன்னும் இரண்டைப் பாருங்கள். 20 நாள் உச்சத்தில் வாங்கும் உத்தி என்றால் 18, 22, 25 நாளிலும் லாபம் வர வேண்டும். 20-ல் மட்டும் மின்னினால் விட்டுவிடுங்கள். அதிக லாபம் தந்த ஒரு பங்கை நீக்கிவிட்டுக் கூட்டுங்கள். மொத்தமும் சரிந்தால் அந்த ஒரு பங்கின் அதிர்ஷ்டம்தான் அது.

தேறினால், நினைத்த தொகையில் 10% மட்டும் போட்டுத் தொடங்குங்கள். ஒவ்வொரு ஆர்டருக்கும் எதிர்பார்த்த விலை, கிடைத்த விலை இரண்டையும் பதியுங்கள். 50 டிரேடுக்குப் பின் உண்மையான ஸ்லிப்பேஜைப் போட்டுப் பேக்டெஸ்ட்டை மறுபடி ஓட்டி, அப்போதும் நிற்கும் பங்குகளுக்கு மட்டும் தொகையை ஏற்றுங்கள்.