1964 தனுஷ்கோடியை நாவலில் எழுத ஏஐயிடம் கேட்பது எப்படி

தனுஷ்கோடிப் புயல் இரவில், 1964 டிசம்பர் 22 அன்று, நடக்கும் கதை ஒன்றை எழுதப்போகிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். சாட்ஜிபிடியிடமோ ஜெமினியிடமோ "தனுஷ்கோடிப் புயலைப் பற்றிச் சொல்" என்றால், ரயில் கடலோடு போனது, ஊர் அழிந்தது என்று எல்லாருக்கும் தெரிந்ததையே சொல்லும். அதை வைத்துக் காட்சி எழுத முடியாது. முதலில் காட்சியைக் கரடுமுரடாகவாவது எழுதிவிடுங்கள். தெரியாத இடங்களில் கோடிட்டு விட்டுவிடுங்கள். அந்தக் கோடுகளிலிருந்துதான் கேள்விகள் பிறக்க வேண்டும்.

கேள்விக்குள் விடையைப் புகுத்தாதீர்கள். "1964இல் டீ எத்தனை அணா?" என்று கேட்டால் அணாக் கணக்கிலேயே பதில் வர வாய்ப்பு அதிகம். ரூபாய்க்கு நூறு பைசா என்ற தசம நாணயமோ 1957 ஏப்ரல் 1 அன்றே வந்துவிட்டது. "அப்போது புழங்கிய நாணயங்கள் எவை, அவற்றில் என்ன பொறித்திருந்தது?" என்று கேளுங்கள். அந்தப் புதுக் காசின் பெயரான 'நயா பைசா' என்பதில் 'நயா' 1964 ஜூனில்தான் நீங்கியது. ஆறு மாதத்தில் பழைய காசெல்லாம் மறைந்துவிடாது. பேச்சில் 25 பைசாவுக்கு நாலணா என்றே பெயர். ஆகவே டீக்கடைக்காரர் வாயில் 'நாலணா' சரி. கல்லாவில் விழும் 25 பைசாக் காசின் மேல் 'அணா' என்று எழுதியிருந்தால் தவறு. இந்த வேறுபாட்டை நீங்கள் தனியாகக் கேட்டால்தான் ஏஐ யோசிக்கும்.

நிலா இன்னொரு பொறி. புயல் என்றதும் 'அமாவாசை இருட்டு' என்று எழுதக் கை போகும். அதே டிசம்பர் 19 அன்று முழுச் சந்திர கிரகணம், அதாவது பௌர்ணமி. 22ஆம் தேதி தேய்பிறை. இருட்டி இரண்டு மூன்று மணி நேரம் கழித்தே நிலா எழும். வானத்தை மேகம் மூடியிருக்கலாம், அது வேறு. திதி, கிழமைக் கணக்கை ஏஐ தயங்காமல் தப்பாகச் சொல்லும். அந்த ஆண்டின், அதாவது குரோதி வருடப் பஞ்சாங்கத்திலோ, எந்த நாளின் வானத்தையும் காட்டும் ஸ்டெல்லேரியம் மென்பொருளிலோ சரிபாருங்கள்.

ஏஐ உண்மையிலேயே கைகொடுப்பது ஆவணம் படிப்பதில். ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகத்திலோ தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்னூலகத்திலோ கிடைக்கும் பக்கங்களை இரண்டு மூன்றாக ஏற்றி, இப்படிக் கேளுங்கள்: "இந்தப் பக்கங்களில் உள்ளதை மட்டும் சொல். ஒவ்வொன்றுக்கும் மூல வரியையும் பக்க எண்ணையும் கொடு. இல்லாததை இல்லை என்று சொல்." 1978 எழுத்துச் சீர்திருத்தத்துக்கு முந்தைய ணை, லை, றா வடிவங்களை அது தப்பாகப் படிக்கக்கூடும். பெயர்களையும் எண்களையும் நீங்களே படத்தோடு ஒப்பிடுங்கள். இறந்தோர் எண்ணிக்கை பத்திரிகைக்குப் பத்திரிகை மாறும். எந்த எண்ணை யார் சொன்னது என்று பிரித்துக் கேளுங்கள். ஆவணம் கொடுக்காமல் நூல் பட்டியல் கேட்டால் இல்லாத புத்தகங்களும் வரும். நூலகப் பட்டியலில் கண்ணால் பார்க்காத தலைப்பை நம்பாதீர்கள்.

எழுதி முடித்ததும் அத்தியாயத்தைக் கொடுத்து, "இதிலுள்ள பொருள், ஊர்ப்பெயர், பதவி, அளவை ஒவ்வொன்றும் எப்போது வழக்குக்கு வந்தது?" என்று கேளுங்கள். மாநிலத்தின் பெயர் 1969 வரை தமிழ்நாடு இல்லை, இலங்கையின் அதிகாரப்பூர்வப் பெயர் 1972 வரை ஸ்ரீலங்கா இல்லை, சென்னையில் தொலைக்காட்சி 1975இல்தான் என்பதெல்லாம் இதில் சிக்கும். வீண் எச்சரிக்கைகளும் கலந்து வரும், பொறுத்துக்கொள்ளலாம்.

உரையாடலை மட்டும் அதனிடம் விடாதீர்கள். கடற்கரைப் பேச்சு பாடப்புத்தகத் தமிழாகவோ சினிமாத் தமிழாகவோ ஆகிவிடும். வலை, காற்று, நீரோட்டம் இவற்றின் பெயர்களைப் பாம்பனிலும் ராமேஸ்வரத்திலும் கடலுக்குப் போகிறவர்களிடமே கேட்டு எழுதிக்கொள்ளுங்கள்.